வலியறிதல்

வலி என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. வன்மையும் வலியே, நோவும் வலியே. நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததன் காரணம் யாதாயினும், வன்மையை விழைவோன் நோவையும் தாங்கியாக வேண்டும் என்னும் உண்மை அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாடும் வீரர்களின் தோள்களைக் காணுந்தோறும் இச்சொல்லே நினைவுக்கு வருகிறது.

அவ்வீரர்களைப் பற்றி நம் மேடைகளும் ஆண்டுமலர்களும் பேசாமலில்லை. பேசும் முறையில்தான் குறை இருக்கிறது. தன்னம்பிக்கையின் சிகரம் என்றும், ஊனத்தை வென்ற உள்ளம் என்றும் அடுக்கடுக்காகப் புகழ்கிறோம். அப்புகழுரையில் உள்ளம் இடம்பெறுகிறது, உடல் இடம்பெறுவதில்லை. நாள்தோறும் செய்த பயிற்சி, அதற்கேற்ற கருவி, அதற்குக் கிடைத்த களம் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. உள்ளத்தைப் புகழ்வதற்குச் செலவில்லை. களம் அமைப்பதற்குச் செலவுண்டு. நாம் முன்னதைத் தேர்ந்துகொண்டோம் என்பதே என் கருத்து. இவ்வீரர்களின் வலிமை அற்புதமன்று. அது பயிற்சியால் விளைவது. பயிற்சியால் விளைவதாயின், அதற்கு வாய்ப்பளிப்பது நம் கடமையாகிறது.

திருக்குறளில் வலியறிதல் என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. வினையில் இறங்குமுன் நான்கு வலிமைகளை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார் வள்ளுவர். செய்யவிருக்கும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பவரின் வலிமை, துணைநிற்பவரின் வலிமை என்பன அவை. அரசனுக்குச் சொல்லப்பட்ட அந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு சக்கர நாற்காலி விளையாட்டை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

இக்கரையில் இப்பேச்சு எதற்கு?

தூத்துக்குடிக் கடற்கரை உடல்வலிமையால் வாழ்ந்த கரை. முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் சங்கு குளிப்போர் இன்றும் கடலுக்குள் இறங்குகின்றனர். துறைமுகத்தில் சுமை தூக்குவோரும், உப்பளத்தில் வெயிலில் உழைப்போரும், தேரிக்காட்டில் பனையேறுவோரும் உடலையே முதலாகக் கொண்டு வாழ்கின்றனர்.

இத்தொழில்கள் ஒவ்வொன்றும் முதுகெலும்பைப் பணயமாகக் கேட்பவை. பனையிலிருந்து தவறி வீழ்ந்தவன் உயிர் பிழைத்தாலும் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழக்கக் கூடும். காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் சங்கு தேடியவன் விரைந்து மேலேறினால், குருதியில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகத் திரண்டு தண்டுவடத்தைத் தாக்கும். காலையில் கடலுக்குள் குதித்த கால்கள் மாலையில் அசையா. சாரத்திலிருந்து வீழும் கொத்தனாரும், நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து தூக்கியெறியப்படும் மாணவரும் இவ்வரிசையில் சேர்வர். ஆகவே, சக்கர நாற்காலி என்பது எங்கோ எவருக்கோ உரிய பொருளன்று. உழைக்கும் உடல்கள் நிறைந்த இக்கரையில் எந்த வீட்டு வாயிலுக்கும் அது வரலாம்.

செயலின் வலிமை

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆடுகளம் மற்றவர் ஆடும் அதே களம். நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். வளையம் தொங்குவதும் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான். அமர்ந்திருப்போர்க்காக அதனை எவரும் தாழ்த்துவதில்லை. கால்களால் எம்பி எறிபவன் பெறும் விசையை, அமர்ந்து எறிபவன் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் கொண்டே பெறவேண்டும்.

பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இருமுறைக்கு மேல் தள்ளலாகாது. அதற்குள் பந்தைத் தரையில் தட்டியோ எறிந்தோ ஆகவேண்டும். ஓடுவதற்கும் பந்தாடுவதற்கும் அதே இரு கைகள். தள்ளல், நிறுத்தல், திரும்பல், பிடித்தல், எறிதல் ஆகிய ஐந்தும் ஓரிரு நொடிகளுக்குள் அக்கைகளால் நிகழ்கின்றன. இதனைச் சுறுசுறுப்பு என்று சொல்லாமல் வேறு எதனைச் சொல்வது?

விளையாட்டுக்குரிய நாற்காலியும் மருத்துவமனை நாற்காலியும் ஒன்றல்ல. அதன் சக்கரங்கள் மேலே நெருங்கிக் கீழே விரிந்து சாய்ந்திருக்கும். அச்சாய்வினால் நாற்காலி நொடியில் திரும்பும். மோதினாலும் எளிதில் கவிழாது. வீரர் இடுப்பையும் தொடையையும் அதனோடு வாரால் பிணைத்துக்கொள்வார். விதிப்படி அந்நாற்காலி அவருடைய உடலின் ஒரு பகுதியாகவே கருதப்படும். அதன்மீது முறையற்று மோதுவது அவர்மீது மோதுவதாகும்.

இவ்விளையாட்டில் நீதியும் நுட்பமாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய உடல் இயங்கும் அளவை நோக்கி 1.0 முதல் 4.5 வரை புள்ளிகள் வழங்கப்படும். களத்தில் இறங்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக்கூடாது. எனவே மிகுந்த இயக்கம் உடையோரை மட்டும் திரட்டி வெல்ல முடியாது. இடுப்பை வளைக்கவும் இயலாத ஒருவருக்கும் அணியில் இடமுண்டு. அவரின்றி அணி நிறைவு பெறாது. மனித சமுதாயம் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் வகுப்பறையிலும் இல்லை.

தொலைவோட்டத்தில் வியப்பு இன்னும் மிகுதி. மராத்தான் என்னும் 42.195 கிலோமீட்டர் தொலைவை 2023இல் சிகாகோ நகரில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடிகளில் ஓடிக் கடந்தார். அதே தொலைவை 2021இல் ஜப்பானின் ஓயிட்டா நகரில் சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹக் சக்கர நாற்காலியில் 1 மணி 17 நிமிடம் 47 நொடிகளில் கடந்தார். சக்கரமல்லவா ஓடுகிறது என்று கேட்போர் உண்டு. தோணி மிதக்கிறது என்பதற்காகத் துடுப்பு வலிப்பவனின் தோளை நாம் மறுப்பதில்லையே! துடுப்பைப் பற்றிப் பேசும்போதும் வலித்தல் என்னும் சொல்லே வந்து நிற்பதை மாணவர்கள் நோக்குக.

தன் வலிமை

கால்கள் துணைசெய்யாத உடலில் எத்துணை வன்மை இருக்க இயலும்? மாற்றுத்திறனாளர்க்கான வலுதூக்கும் போட்டி இதற்கு விடை கூறுகிறது. வீரர் பலகையில் மல்லாந்து படுத்து, எடையை மார்புவரை இறக்கி, அசையாது நிறுத்தி, மீண்டும் மேலே தள்ளவேண்டும். மற்றவர் இதே பயிற்சியைச் செய்யும்போது பாதங்களைத் தரையில் ஊன்றி உந்துவிசை பெறுவர். இவர்களுக்கோ கால்களும் பலகைமீதே கிடக்கும். மார்பும் தோளும் மேற்கையும் மட்டுமே துணை.

ஈரான் நாட்டின் சியாமந்த் ரஹ்மான் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் இம்முறையில் 310 கிலோ தூக்கினார். நம் துறைமுகத்தில் முதுகில் ஏற்றும் 50 கிலோ மூட்டைகளில் ஆறினை ஒருசேரக் கட்டினாலும் அவ்வெடைக்கு ஈடாகாது. 2020இல் அவர் இளவயதிலேயே இறையடி சேர்ந்தது விளையாட்டுலகுக்கு இழப்பாகும்.

நம் நாட்டுக்கு வருவோம். வங்காளத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட சகினா காத்தூன் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 கிலோ எடைப்பிரிவில் 93 கிலோ தூக்கி ஐந்தாம் இடம் அடைந்தார். தம் எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! பாராலிம்பிக் களங்களைக் கண்ட பெங்களூரு வீரர் ஃபர்மான் பாஷாவிடம் பயிற்சி பெற்றவர் அவர். நம் இல்லங்களில் கால் நலிந்த பெண்மக்களை அறைக்குள் அமர்த்தி வைப்பதே பாதுகாப்பு என்று கருதும் பெற்றோர் இப்பெயரை அறிந்திருத்தல் நலம்.

கடலோரத்து மக்களாகிய நாம் மறக்கலாகாத இன்னொருவர் மகாராட்டிரத்தின் முரளிகாந்த் பேட்கர். படையில் குத்துச்சண்டை வீரராக விளங்கிய அவர் 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நீரில் இறங்கினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 நொடிகளில் கடந்து உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். நீருக்குள் உடலைச் சுமக்கவேண்டிய வேலை கால்களுக்கு இல்லை; நீரே சுமக்கிறது. தரையில் குறையெனத் தோன்றுவது தண்ணீரில் குறையாக இருக்கவேண்டியதில்லை என்பதைக் கடலில் பிழைப்போர்க்குச் சொல்லித்தர வேண்டுமா? அவ்வீரருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது 2018இல். வென்றதற்கும் விருது பெற்றதற்கும் இடையே 46 ஆண்டுகள்.

எதிர்நிற்கும் வலிமை

களத்தில் எதிரணி இரண்டாவது எதிரிதான். முதல் எதிரிகள் களத்துக்கு வெளியே இருக்கின்றன.

தோள்மூட்டு எட்டிப் பிடிப்பதற்கென அமைந்தது. உடலைச் சுமப்பதற்கென அமைந்ததன்று. சக்கர நாற்காலியில் வாழ்வோர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து வண்டிக்கும் தம் உடலைத் தோளாலேயே தூக்கி மாற்றுகின்றனர். போதாக்குறைக்கு ஆட்டக்களத்தின் உழைப்பும் சேரும்போது தோள் நோகும். வலி என்னும் சொல்லின் இருபொருளும் இங்கே ஒன்றாகின்றன. முதுகுத் தசைகளுக்கும் உரிய பயிற்சியளித்து அந்நோவைக் குறைக்கும் முறையறிந்த பயிற்சியாளர் வேண்டும். வெறும் ஊக்கமொழி போதாது.

கழுத்திலோ மேல்மார்பிலோ தண்டுவடம் முறிந்தவர்க்கு முறிவுக்குக் கீழே வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. நெஞ்சத் துடிப்பும் மற்றவர்க்கு உயர்வதுபோல் உயராது. தூத்துக்குடியின் மே மாத வெயிலில் அவர்களை நண்பகலில் ஆடவிடுவது ஆபத்து. வைகறையில் பயிற்சி, ஈரத்துணி, நிழல், குடிநீர் என்னும் எளிய ஏற்பாடுகள் உயிர்காப்பன. நெடுநேரம் அமர்ந்திருப்போர்க்குப் படுக்கைப்புண் வராமலிருக்க, அவ்வப்போது கைகளை ஊன்றி உடலைத் தூக்கவேண்டும் என்பதையும் உடனிருப்போர் அறிதல் வேண்டும்.

இவற்றினும் வலிய எதிரி படிக்கட்டு. நூலகத்துக்குப் படி, வங்கிக்குப் படி, திருமண மண்டபத்துக்குப் படி, விளையாட்டரங்கின் நுழைவாயிலுக்கும் படி. சமுதாயப் பெரியவர்கள் பொறுத்தருள்க: நம் பள்ளிவாசல்கள் பலவற்றுக்கும் படி. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று மார்க்கம் வழி திறந்து வைத்திருக்கிறது. வாசற்படியோ வழியை மறிக்கிறது. சக்கரத்தில் தெருவழுக்கு ஒட்டியிருக்குமே என்பார்க்கு, வாயிலில் ஓர் ஈரத்துணியும், உள்ளே பயன்படுத்தவென ஒரு தனி நாற்காலியும் விடையாகும். பெருஞ்செலவு எதுவும் இதில் இல்லை.

எல்லாவற்றினும் வலிய எதிரி ஒன்றுண்டு. அதன் பெயர் அன்பு. விழுந்துவிடுவாய், அடிபடுவாய், ஊரார் பார்ப்பர் என்று தடுக்கும் அன்பு. உஹத் போரின் வரலாற்றில் அம்ரு இப்னுல் ஜமூஹ் (ரலி) என்னும் தோழரைக் காண்கிறோம். காலில் கடும் ஊனமுடையவர்; முதியவர். அவருடைய மக்கள், தாங்கள் செல்வதே போதும், தந்தை வீட்டிலிருக்கட்டும் என்று அன்பினால் தடுத்தனர். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே சென்று முறையிட்டார். ஊனத்தின் பொருட்டு அவர்மீது போர்க்கடமை இல்லை என்பதை எடுத்துரைத்த நபிகளார், அவருடைய விருப்பத்தைத் தடுக்கவேண்டாம் என்று மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். அப்போரில் அவர் உயிர்த்தியாகம் செய்தார். கடமையிலிருந்து விலக்களிப்பது சலுகை. விரும்புவோனைத் தடுப்பது உரிமைப் பறிப்பு. இவ்வேறுபாட்டை நம் வரலாறு பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்த்திவிட்டது. நாம்தாம் இன்னும் உணரவில்லை.

துணையின் வலிமை

முத்துக் குளிப்போன் இடுப்புக் கயிற்றோடு ஆழத்தில் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் அக்கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருப்பவன் கயிற்றை அசைத்ததும் அவனை மேலே இழுப்பது மற்றவனின் கடமை. தங்கையின் வாழ்வை எண்ணி ஒருபோதும் கைவிடமாட்டான் என்பதால், மைத்துனனையே கயிறு பிடிக்க அமர்த்துவர் என்பது இக்கரையின் வழக்கு. மூச்சடக்கியவன் வீரன்தான், ஆனால் கயிறு பிடித்தவன் இல்லையேல் முத்தும் இல்லை, அவனும் இல்லை. அவனைப் பிறர் துணையால் வாழும் பரிதாபத்துக்குரியவன் என்று எவரும் சொன்னதில்லை. சக்கர நாற்காலி வீரருக்கும் அதே நீதியை வழங்கவேண்டும் என்பதே நாம் கேட்பது.

இவ்விளையாட்டுகளின் தொடக்கமே ஒரு துணையால் நேர்ந்ததுதான். ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி இங்கிலாந்து சென்ற யூத மருத்துவர் லுட்விக் குட்மன், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் முறிந்த படைவீரர்க்கு விளையாட்டையே மருந்தாக்கினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியிலிருந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960இல் ரோம் நகரில் அது உலகப் போட்டியாக வளர்ந்தது.

நம் தென்பாண்டிச் சீமையிலும் அத்தகைய துணை உண்டு. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடற்சோதனையில் வீழ்ந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பொறியியல் மாணவர் ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவடம் முறிந்தோர்க்கு மறுவாழ்வளிக்கும் நிலையமாக அது வளர்ந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் நலிந்த மாதவி லதா, சென்னையில் வங்கிப் பணியிலிருந்தபோது நீச்சலால் உடல்நலம் தேறி, இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு உருவாக முன்னின்றார். கருவியிலும் முன்னேற்றம் காண்கிறோம். மருத்துவமனைகளில் காணும் நாற்காலி 15 முதல் 20 கிலோ எடையிருக்க, சென்னை ஐ.ஐ.டி. 2025இல் வெளியிட்ட அன்றாடப் பயன்பாட்டு நாற்காலியின் எடை 9 கிலோ மட்டுமே. கருவி இலகுவானால் தோளின் நோவு குறையும். எஞ்சிய வன்மை ஆட்டத்துக்குப் பயன்படும்.

நாம் செய்யத்தக்கன

சட்டம் வழி வகுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு விளையாட்டில் அவர்கள் பங்கேற்பதற்கான கடமைகளைக் கூறுகிறது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது 32ஆம் பிரிவு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப்பிரிவு வைக்கப்பட்டது. வாயிலுக்கு வெளியே இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், வாயிலைக் கடக்க வழியில்லையேல் பயனென்ன?

கூடைப்பந்துக்குரிய சிறப்பு நாற்காலிகள் வாங்க நாளாகலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மேசைப்பந்து மேசை பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கிறது. டோக்கியோவில் வெள்ளி வென்ற குஜராத்தின் பவினா படேல் அமர்ந்து ஆடியது அத்தகைய மேசையில்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் எடைதூக்கும் பலகையும் இருக்கிறது. சகினாவுக்கு வேண்டியிருந்தது அத்தகைய பலகைதான். இவ்விரண்டும் இருக்கும் அறைக்குச் சரிவுப்பாதை ஒன்று அமைத்தால் நாளையே தொடங்கலாம். ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சரிவுப்பாதையின் கணக்கு. ஓரடி உயர வாசலுக்குப் பன்னிரண்டு அடி. மண்டபங்கள் கட்டித்தரும் வள்ளல்கள் நிறைந்த நம் சமுதாயத்துக்கு இது பெரிதன்று.

காயல்பட்டினத்தின் கால்பந்துப் பற்றையும், கோவில்பட்டியின் ஹாக்கிப் பெருமையையும் நாடறியும். அப்போட்டிகளின் இறுதிநாளில் அரைமணி நேரம் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்தை ஊரார் காணச் செய்யலாம். ஒருமுறை கண்டோர் இரக்கப்படமாட்டார், வியப்பர், பிறகு எந்த அணி வென்றது என்று கேட்பர். அந்தக் கேள்வி பிறக்கும்போதுதான் அவர்கள் வீரர்களாக மதிக்கப்பட்டார்கள் என்று பொருள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வகுப்பிலோ தெருவிலோ சக்கர நாற்காலியில் ஒருவர் இருப்பாராயின், அவரிடம் ஆறுதல் கூறச் செல்லாதீர்கள், ஆடுவதற்கு அழையுங்கள். தோற்றால் தோற்றீர் என்று சொல்லுங்கள், வென்றால் கைகொடுங்கள். பெரியவர்களுக்கும் பணிவோடு ஒரு விண்ணப்பம்: அடுத்த விளையாட்டு விழா அழைப்பிதழில் இவர்களுக்கென ஒரு போட்டியேனும் இடம்பெறட்டும். அதற்குமுன் அம்மேடைக்கு ஒரு சரிவுப்பாதை அமையட்டும். வல்ல இறைவன் அதற்கான மனத்தையும் வலிமையையும் நமக்கு அருள்வானாக.